பள்ளிக்குப் போகாத பிள்ளைகளின் கோடைக்காலம்

கேள்வி: அமெரிக்காவில் ஆறு, ஏழு, எட்டுப் பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்களின் கோடைக்காலம் அன்றாடம் எப்படிப் போகிறது? பள்ளியே இல்லாத வீட்டில் கோடை விடுமுறை என்று ஒன்று உண்டா? அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு ஒரு தாய் எப்படிச் சமாளிக்கிறார்?

எனக்கு இதைப் பற்றி என்ன தெரியும், எப்படித் தெரியும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பென்சில்வேனியா மாநிலச் சட்டப்படி, வீட்டில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் ஓராண்டுப் படிப்பையும் தகுதி பெற்ற ஆசிரியர் ஒருவரோ உரிமம் பெற்ற உளவியலாளர் ஒருவரோ பார்த்து, பிள்ளையிடம் நேரில் பேசி, சான்று எழுதித் தர வேண்டும். பள்ளி ஆசிரியராக இருந்த நான், லங்காஸ்டர் கவுண்டி என்னும் மாவட்டத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பல ஆண்டுகளாக இந்த மதிப்பீட்டு வேலையைச் செய்துவருகிறேன். மே மாதக் கடைசியிலிருந்து ஜூன் முடியும்வரை வீடு வீடாகப் போக வேண்டியிருப்பதால், கோடை தொடங்குகிற நேரத்தில் அந்தக் குடும்பங்களின் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது. சில குடும்பங்களோடு நட்பு வளர்ந்து, ஜூலையிலும் ஆகஸ்டிலும் போய்வருவது வழக்கமாகிவிட்டது. அமெரிக்கா முழுவதும் இப்படித்தான் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். டெக்சாஸில் வீட்டுக்கல்வி தொடங்குவதைக் கல்வித் துறைக்கு அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நியூயார்க்கிலோ காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை அனுப்ப வேண்டும். ஆகவே எனக்கு நன்றாகத் தெரிந்த பென்சில்வேனியாவை வைத்தே பதில் சொல்கிறேன்.

விடுமுறை உண்டா என்ற கேள்விக்கு நேரான பதில்: உண்டு, ஆனால் அது பள்ளி நாட்காட்டி சொல்லும் மாதங்களில் வருவதில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை புத்தகப் படிப்பு சுருங்குகிறது. அந்த இடத்தைத் தோட்டமும் சமையலறையும் கால்நடைகளும் தண்ணீரும் நூலகமும் எடுத்துக்கொள்கின்றன. ஆண்டு முழுவதும் பல வகுப்புகள் ஒரே கூரையின்கீழ் நடக்கும் இடமாக இருந்த வீடு, கோடையில் மீண்டும் ஒரு குடித்தனமாகிவிடுகிறது. பெரியவர்கள் செய்யும் உண்மையான வேலைக்குள் பிள்ளைகள் இழுத்துக்கொள்ளப்படுகிறார்கள். இந்தக் குடும்பங்களின் பலமும் பலவீனமும் மற்ற மாதங்களைவிடக் கோடையில்தான் தெளிவாகத் தெரிகின்றன என்பது என் கருத்து.

வீட்டுக்கல்வி அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் 1993 முதல் சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருக்கிறது. மத்தியக் கல்விப் புள்ளிவிவர மையத்தின் கணக்குப்படி 1999இல் ஏறத்தாழ 8,50,000 பிள்ளைகள் வீட்டில் படித்தார்கள். 2019இல் அது 15 லட்சத்தை ஒட்டியிருந்தது. கொரோனாவுக்குப் பின் இன்னும் பெருகியது. அந்த 1999 கணக்கிலேயே, வீட்டில் படித்தவர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் மூன்றோ அதற்கு மேலோ பிள்ளைகள் உள்ள வீடுகளைச் சேர்ந்தவர்கள். ஏழெட்டுப் பிள்ளைகள் என்பது அவர்களிலும் சிறுபான்மைதான். அப்படிப்பட்ட குடும்பங்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் அல்லது கத்தோலிக்கச் சமயப் பற்றுள்ளவை. லங்காஸ்டர் என்றதும், நவீன வசதிகளைத் தவிர்த்து எளிமையாக வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்கள் பலருக்கு நினைவுக்கு வருவார்கள். அவர்கள் வேறு. தங்களுக்கென்று ஓரறைப் பள்ளிகள் நடத்தி, எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொள்வது ஆமிஷ் வழக்கம். அந்த உரிமையை 1972இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நான் சொல்லும் குடும்பங்கள் 12 அல்லது 15 இருக்கை வேன் ஓட்டிக்கொண்டு, ஆமிஷ் பண்ணைகளின் சாலையோரக் கடைகளில் காய்கறி வாங்கும் குடும்பங்கள்.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் கோடையைச் சொல்ல முடியாது, ஏனென்றால் வீட்டுக்கல்வியின் ஆண்டுக்கணக்கு கோடையின் நடுவில்தான் முடிந்து தொடங்குகிறது. 1988ஆம் ஆண்டின் சட்டப்படி ஓராண்டில் 180 நாட்களோ, தொடக்க வகுப்புகளுக்கு 900 மணி நேரமோ, மேல் வகுப்புகளுக்கு 990 மணி நேரமோ கற்பித்திருக்க வேண்டும். படித்த புத்தகங்களின் பெயர்களோடு நாள்பதிவும், எழுதிய, வரைந்த, கணக்குப் போட்ட தாள்களின் மாதிரிகளும் ஒரு கோப்பாகச் சேர வேண்டும். என்னைப் போன்ற மதிப்பீட்டாளரின் சான்று ஜூன் 30க்குள் கல்வி மாவட்டக் கண்காணிப்பாளரிடம் போய்ச் சேர வேண்டும். புதிய ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. அதற்கான உறுதிமொழிப் பத்திரத்தை ஆகஸ்ட் 1க்குள் கொடுக்க வேண்டும். ஆகவே ஜூன் மாதத்தில் கோப்பு, மதிப்பீடு என்ற பரபரப்பு இருக்கும். அது முடிந்ததும் பத்திரத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, ஜூலையில் நடக்கும் படிப்பையே புதிய ஆண்டின் 180 நாட்களில் சேர்த்துக்கொள்ளும் குடும்பங்கள் பல உண்டு. குழந்தை பிறக்கவிருக்கும் வீடுகளில் இந்த வசதி பெரிய வரம். அக்டோபரில் பிரசவம் என்றால் ஜூலையிலும் ஆகஸ்டிலும் நாட்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு, குழந்தை வந்தபின் ஆறு வாரம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள்.

கோடையில் ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். ஜூலையில் பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தொடும்; மதுரைக்காரருக்கு அது பெரிதாகத் தோன்றாது, ஆனால் ஈரப்பதம் மிகுந்த அந்தப் புழுக்கத்தில் பிற்பகலில் வெளியே வேலை செய்வது கடினம். அதனால் தோட்ட வேலை காலை உணவுக்கு முன்பே நடந்துவிடும். பீன்ஸ் பறிப்பது, களை எடுப்பது, கோழிகளுக்குத் தண்ணீர் மாற்றுவது எல்லாம் ஏழரைக்குள் முடிந்து, பெரிய பாத்திரம் நிறைய ஓட்ஸ் கஞ்சியோடு எல்லாரும் மேசைக்கு வருவார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிறம் ஒதுக்கப்பட்டிருக்கும். குவளை, துண்டு, பல் துலக்கும் பிரஷ், நூலகப் பை எல்லாம் அந்த நிறத்தில்தான். நீச்சல் துண்டு ஈரமாகத் தரையில் கிடந்தால் யாருடையது என்று விசாரிக்க வேண்டியதில்லை.

உணவு முடிந்ததும் ஒரு மணி நேரம் எல்லா வயதினரும் ஒன்றாக உட்காருவார்கள். ஒரு துதிப்பாடல், கொஞ்சம் வேதவாசிப்பு, மனப்பாடக் கவிதை, பிறகு தாய் உரக்க வாசிக்கும் ஒரு நீண்ட கதையின் அடுத்த அத்தியாயம். மூன்று வயதுப் பிள்ளை தரையில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கும். பதினாறு வயதுப் பெண் பின்னல் போட்டுக்கொண்டே கேட்பாள். இந்த ஒரு மணி நேரத்தைக் கோடையிலும் விடாத குடும்பங்கள்தான் செப்டம்பரில் எளிதாக மீண்டும் படிப்புக்குத் திரும்புகின்றன என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதன்பின் கணக்கு மட்டும், ஆளுக்கு இருபது நிமிடம். அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1996இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கோடை விடுமுறையில் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பை இழக்கிறார்கள் என்றும், அந்த இழப்பு வாசிப்பைவிடக் கணக்கிலேயே அதிகம் என்றும் கண்டார்கள். பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுதான் அது. ஆனாலும் பின்னங்களை மறந்துவிட்டு வரும் பதினொரு வயதுப் பிள்ளை எந்த வீட்டிலும் ஒன்றுதான். தாய்மார்களிடம் நான் கோடைக்குச் சொல்லும் ஒரே பாடத்திட்டம் இந்த இருபது நிமிடம்தான்.

நூலகத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஊருக்கு ஊர் இருக்கும் பொது நூலகங்கள் கோடையில் வாசிப்புத் திட்டம் நடத்துகின்றன. படித்த புத்தகத்தையோ நிமிடங்களையோ குறித்துக் கொடுத்தால் சிறு பரிசுகள் கிடைக்கும். எட்டுப் பிள்ளைகள் என்றால் வாரத்துக்கு எழுபது, எண்பது புத்தகங்கள் பால்பெட்டிகளில் அடுக்கப்பட்டு வேனில் ஏறும். நூலகத்துக்குக் காட்ட எழுதும் அந்தப் பட்டியலே அடுத்த ஜூனில் என் கைக்கு வரும் நாள்பதிவிலும் இடம்பெறுகிறது.

ஆகஸ்ட் வந்துவிட்டால் அந்த வீடுகளின் பள்ளி அடுக்களையில்தான் நடக்கிறது. தக்காளி, பீன்ஸ், மக்காச்சோளம், பீச் பழம் எல்லாம் சில வாரங்களுக்குள் குவியும்; குளிர்காலத்துக்கு அவற்றைக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்துவைக்கும் கேனிங் வேலை நாள்கணக்கில் நடக்கும். ஏறத்தாழ ஒரு லிட்டர் பிடிக்கும் குவார்ட் ஜாடிகள் ஏழை நிரப்ப ஏறத்தாழ 21 பவுண்டு தக்காளி வேண்டும். பத்துப் பேர் சாப்பிடும் வீட்டில் நூறு ஜாடிகள் அடைத்தாலும் மார்ச் மாதத்தில் அலமாரி காலியாகிவிடும். நான் உடனிருந்த ஒரு நாளைச் சொல்கிறேன். ஐந்து வயதுப் பெண் ஸ்டூலின்மீது நின்று ஜாடிகளுக்குள் சோப்பு நுரை போட்டுக் கொடுத்தாள். அந்த வாய்க்குள் முழுதாக நுழைவது அவள் கை ஒன்றுதான். ஏழும் ஒன்பதுமான இரண்டு பையன்கள் கொதிநீரில் முக்கி எடுத்த தக்காளியின் தோலை உரித்தார்கள். பன்னிரண்டு வயதுப் பெண் ஒவ்வொரு ஜாடியிலும் இரண்டு மேசைக்கரண்டி பாட்டில் எலுமிச்சைச் சாறு அளந்து ஊற்றினாள். "பழத்தைப் பிழிந்து ஊற்றினால் என்ன?" என்று அவளிடம் கேட்டேன். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும் என்றும், பாட்டில் சாற்றின் அமிலம் ஒரே அளவாக இருக்கும் என்றும், அமிலம் குறைந்தால் ஜாடிக்குள் நச்சு உண்டாக்கும் கிருமி வளர்ந்துவிடும் என்றும் தடுமாறாமல் சொன்னாள்.

அந்தக் கிருமியின் வித்துகள் (ஸ்போர்கள்) சாதாரணக் கொதிநீரில் சாவதில்லை. அமிலம் போதுமான அளவு இருந்தால் அவை முளைக்காது. அதனால் எலுமிச்சை சேர்த்த தக்காளிக்குக் கொதிநீர் போதும். அமிலமில்லாத பீன்ஸை 116 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோக வேண்டியிருப்பதால், அதற்கென்றே உள்ள பிரஷர் கேனரில்தான் வைக்க வேண்டும். அந்தக் கேனர் அருகே தாயும் மூத்தவளும் மட்டுமே போகலாம் என்பது அந்த வீட்டுச் சட்டம். வேதியியலும் நுண்ணுயிரியலும் இதைவிடக் கவனமாக நடந்த வகுப்பை நான் பள்ளியில் அதிகம் பார்த்ததில்லை. மாலையில் ஜாடிகள் ஆறும்போது மூடிகள் ஒவ்வொன்றாக உள்ளிழுத்து 'டிங்' என்று ஒலிக்கும். எத்தனை ஒலித்தது என்று சின்னவர்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஒலிக்காத ஜாடி அன்றிரவே சமையலுக்குப் போய்விடும்.

இயற்கைப் பாடத்துக்கும் கோடைதான் காலம். இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) வகுத்த முறையைப் பின்பற்றும் தாய்மார்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இயற்கைக் குறிப்பேடு கொடுத்து, வெளியே பார்த்ததை வரைந்து தேதியிடச் சொல்வார்கள். 2014இல் எங்கள் பக்கத்துக் கவுண்டியான பெர்க்ஸில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட, ஆசியாவிலிருந்து வந்த லேன்டர்ன்ஃப்ளை பூச்சி பல குறிப்பேடுகளில் இருக்கிறது: கறுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகளோடு இளம்பருவம், ஜூலையில் சிவப்பு, பிறகு சாம்பல் நிறச் சிறகுகள். திராட்சைத் தோட்டங்களை அழிக்கும் இந்தப் பூச்சியைக் கண்ட இடத்தில் மிதித்துக் கொல்லும்படி மாநில அரசே சொன்னதால், பையன்கள் அதை ஒரு கடமையாகவே செய்கிறார்கள். மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் முட்டையை மில்க்வீட் இலையோடு கிள்ளிவந்து ஜாடியில் வளர்ப்பது பல வீடுகளில் ஆண்டுதோறும் நடக்கிறது. மில்க்வீட் நம் எருக்கஞ்செடிக்கு நெருங்கிய உறவு. நம்மூரில் எருக்கிலையில் முட்டையிடும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி மோனார்க்கின் பேரினத்தையே சேர்ந்தது. இதை ஒரு சிறுமியிடம் சொன்னபோது, தன் குறிப்பேட்டில் மோனார்க்குக்குப் பக்கத்தில் இடம் விட்டு, அடுத்த முறை வரும்போது எருக்கிலையின் படம் கொண்டுவரும்படி என்னைக் கேட்டுக்கொண்டாள்.

வெளியே திரிவதற்கு ஒரு விலையும் உண்டு. பென்சில்வேனியாவில் மான் உண்ணிகள் மிகுதி. அவை பரப்பும் லைம் நோய் மிக அதிகமாகப் பதிவாகும் மாநிலங்களில் இதுவும் ஒன்று. மாலைக் குளியலுக்கு முன் ஒவ்வொரு பிள்ளையின் தலைமயிர், காதுப் பின்புறம், அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாவற்றையும் பார்க்கும் வழக்கம் நல்ல குடும்பங்களில் ஒருநாள்கூடத் தவறுவதில்லை. எட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் செய்ய அரைமணி நேரம் பிடிக்கும்.

கோடையின் உச்சம் கவுண்டி ஃபேர் என்னும் மாவட்ட விவசாயக் கண்காட்சி. 1902இல் ஓஹையோவின் கிளார்க் கவுண்டியில் ஏ. பி. கிரஹாம் கிராமத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய சங்கத்திலிருந்து வளர்ந்தது ஃபோர்-எச் இயக்கம். 1914ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயக் கல்லூரிகளையும் கிராமங்களையும் இணைத்தபின் அது நாடெங்கும் பரவியது; பென்சில்வேனியாவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு அதை நடத்துகிறது. எட்டு வயதிலிருந்து ஒரு பிள்ளை முயலோ ஆடோ பன்றியோ வளர்த்து, தீவனச் செலவையும் எடையையும் பதிவேட்டில் எழுதி, ஃபேரில் காட்டி, ஏலத்தில் விற்கலாம்.

வசந்தத்தில் வாங்கிய பன்றிக்குட்டியை வளர்த்த பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன், வீட்டில் எடைமேடை இல்லாமலே அதன் எடையைக் கண்டுபிடிக்கும் முறையை எனக்குக் காட்டினான். முன்கால்களுக்குப் பின்னே மார்பின் சுற்றளவை அங்குலத்தில் எடுக்க வேண்டும். காதுகளின் அடியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை நீளம் எடுக்க வேண்டும். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் மீண்டும் பெருக்கி, 400ஆல் வகுத்தால் பவுண்டில் எடை வரும். "நீங்களே போட்டுப் பாருங்கள்" என்று பென்சிலை என்னிடம் நீட்டினான். சுற்றளவு 44, நீளம் 50, விடை 242. பவுண்டுக்கு எவ்வளவு தீவனம் பிடித்தது, ஏலத்தில் என்ன விலை வந்தால் கைக்காசு போகாது என்பதெல்லாம் அவன் பதிவேட்டில் வாரவாரியாக இருந்தன. கணக்குப் புத்தகத்தில் விகிதம் என்றால் எரிச்சலடையும் பிள்ளை அவன் என்று அவனுடைய தாய் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஏலம் முடிந்த மாலையில் அவன் அழுததையும் பார்த்தேன். வளர்த்த விலங்கு இறைச்சிக்குப் போகிறது என்பதைப் பெரியவர்கள் அவனிடம் முதல் நாளிலிருந்தே மறைக்காமல் சொல்லியிருந்தார்கள்; அழட்டும் என்று விட்டார்கள்; அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

சட்டம் கேட்கும் பாடங்களில் ஒன்று வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். தீ விபத்தின் ஆபத்தையும் தடுப்பையும் ஒவ்வோர் ஆண்டும் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று பென்சில்வேனியா சொல்கிறது. ஜூலை 4 வாணவேடிக்கையை ஒட்டி அந்தப் பாடத்தை முடித்துக்கொள்ளும் குடும்பங்கள் பல. அதே வாரத்தில், 1863 ஜூலை 1 முதல் 3 வரை உள்நாட்டுப் போரின் பெரும் சண்டை நடந்த கெட்டிஸ்பர்க் மைதானத்துக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போவதும் உண்டு.

நீர்நிலைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சிற்றோடை, ஊர் நீச்சல் குளம், நண்பர் பண்ணைக் குட்டை என்று பிற்பகல்கள் தண்ணீரில்தான் கழிகின்றன. பெரிய பிள்ளை ஒருவருக்குச் சின்னப் பிள்ளை ஒருவர் என்று இணை பிரித்துவிடுவது இந்தக் குடும்பங்களின் பழைய வழக்கம். சாலையைக் கடக்கவும் கடையில் நடக்கவும் அது போதும், தண்ணீருக்குப் போதாது. பதினோரு வயதுப் பிள்ளையின் கவனம் ஒரு நண்பன் கூப்பிட்டால் திரும்பிவிடும், அந்த ஒரு நிமிடத்தில் எதுவும் நடக்கலாம். கரையில் புத்தகமும் கைப்பேசியும் இல்லாத ஒரு பெரியவர், கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கும் குடும்பங்களிடம் நான் நட்பை மறந்து கண்டிப்பாகவே பேசுகிறேன்.

வீட்டில் படிக்கும் பிள்ளைகள் தனித்துப்போகிறார்கள் என்ற குறை எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. கோடையில் அது எனக்குத் தெரிவதில்லை. தெருவின் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் இருப்பதால், எட்டுப் பிள்ளைகள் உள்ள முற்றத்துக்குத்தான் மற்ற பிள்ளைகள் தேடிவருகிறார்கள். தேவாலயங்கள் ஒரு வாரம் நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளி, நீச்சல் அணி, பேஸ்பால் எல்லாம் கலந்து, சூரியன் மறையும் எட்டரை மணிக்கும் முற்றத்தில் கூட்டம் கலையாது. 1974இல் மாநிலப் பூச்சியாக அறிவிக்கப்பட்ட மின்மினி வெளியே வந்தபின் சின்னவர்களை உள்ளே அழைப்பது இன்னும் கடினம். தனிமை வருவதென்றால் ஜனவரியில் வருகிறது, அதிலும் பதின்ம வயதினருக்கு வருகிறது.

இனி, தாய் எப்படிச் சமாளிக்கிறார் என்ற கேள்வி. நன்றாகச் சமாளிப்பவர்கள் எல்லாவற்றையும் தாமே செய்வதில்லை. எல்லாவற்றையும் தனித்தனியாகவும் செய்வதில்லை. வரலாறும் அறிவியலும் கதை வாசிப்பும் எல்லாருக்கும் சேர்த்து நடக்கின்றன. பத்து வயதைக் கடந்தவர்கள் தங்கள் துணியைத் தாங்களே துவைக்கிறார்கள். மதிய உணவுக்குப்பின் ஒன்றரை மணி நேரம் வீடு முழுவதும் அமைதி நேரம்: கைக்குழந்தை தூங்கும், மற்றவர்கள் தனித்தனி மூலைகளில் படிப்பார்கள் அல்லது சும்மா இருப்பார்கள், தாயை யாரும் கூப்பிடக் கூடாது. இந்த நேரத்தைக் கறாராகக் காப்பாற்றும் தாய் ஆகஸ்டிலும் நிதானமாக இருக்கிறார். தந்தை வேலையிலிருந்து வந்ததும் மாலைப் பொறுப்பை முழுமையாக எடுத்துக்கொள்ளும் வீட்டுக்கும் அப்படியில்லாத வீட்டுக்கும் உள்ள வேறுபாடு வாசலில் நுழையும்போதே தெரிந்துவிடும்.

ஆனால் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த நம்மவர்களுக்கு உடனே புரியக்கூடிய ஓர் ஆபத்து இங்கேயும் இருக்கிறது. பாரம் மூத்த பெண்ணின் தோளில் இறங்குவது. அவள் திறமைசாலியாக இருப்பாள், சொல்லாமலே செய்வாள், எல்லாரும் மெச்சுவார்கள். கோடை முழுவதும் குழந்தையைத் தூக்கியும் சமைத்தும் தம்பி தங்கைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தும் அவளுடைய நாட்கள் போய்விடும். மதிப்பீட்டின்போது பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்களிடம் நான் தவறாமல் ஒன்று கேட்கிறேன்: இந்த ஆண்டு உனக்கென்று மட்டும் என்ன செய்தாய்? பதில் உடனே வந்தால் மகிழ்ச்சி. யோசித்துவிட்டு, தங்கைக்குச் செய்தது, அம்மாவுக்குச் செய்தது என்றே பட்டியல் வந்தால், சான்றில் கையெழுத்திடுவதற்கு முன் தாயோடு தனியாகப் பேசுகிறேன். உதவுவது நல்லதுதான், தினமும் தனக்கென்று யாரும் தொடாத சில மணி நேரம் அவளுக்கு இருக்க வேண்டும். ஒரு வீட்டில் இதைக் கேட்ட தாய், மதியம் ஒன்றிலிருந்து ஐந்துவரை மூத்தவளை எல்லா வேலையிலிருந்தும் விடுவித்து, இரவுச் சமையலை மகன்களிடம் பிரித்துக்கொடுத்தார். அந்தப் பெண் அடுத்த கோடையில் பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் உயிரியல் பாடம் ஒன்றை எடுத்துப் படித்து முடித்தாள்.

இன்னொரு கவலை, கூட்டத்தில் மறைந்துபோகும் பிள்ளை. அண்ணனும் அக்காவும் எப்போதும் உரக்கப் படித்துக் காட்டும் வீட்டில், ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்குத் தானாகப் படிக்க வரவில்லை என்பது யார் கண்ணிலும் படாமல் போகலாம். கதையெல்லாம் அவனுக்குத் தெரியும், கேள்விகளுக்குப் பதில் சொல்வான், புத்தகத்தை நீட்டினால் மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போவான். ஜூனில் இப்படி ஒரு பிள்ளையைக் கண்டால், கோடையின் மற்ற திட்டங்களைத் தள்ளிவைத்துவிட்டு, தினமும் இருபது நிமிடம் தாயோ தந்தையோ அவனோடு மட்டும் உட்கார வேண்டும் என்றும், டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று தகுந்தவரிடம் காட்ட வேண்டும் என்றும் எழுதியே கொடுக்கிறேன். மூன்று மாதம் நெருக்கடியில்லாமல் கிடைப்பது அப்படிப்பட்ட பிள்ளைக்கு மிகப் பெரிய வாய்ப்பு. அதே கவனம் நாள்பதிவுக்கும் வேண்டும். கற்பித்த காலத்திலேயே பதிவு எழுதப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஜூன் மாதத்தில் ஒரே மையில் ஒரே மூச்சில் எழுதிய பக்கங்களை நான் ஏற்பதில்லை. ஜூலை முதல் வாரத்திலேயே சமையலறைச் சுவரில் ஒரு நாட்காட்டி மாட்டி, இரவில் இரண்டு வரி எழுதும் பழக்கத்தைத் தொடங்குங்கள் என்றே எல்லாருக்கும் சொல்கிறேன்.

விடுமுறை உண்டா என்று கேட்டிருந்தீர்கள்; உண்மையான விடுமுறை எப்போது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினம் கழிந்து, மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்துகள் ஓடத் தொடங்கியபின், இந்தக் குடும்பங்களில் பல வேனில் ஏறி டெலவேர் அல்லது நியூ ஜெர்சிக் கடற்கரைக்குப் புறப்படுகின்றன. கடல் நீர் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும், கூட்டம் இருக்காது, ஜூலையில் எட்ட முடியாத வாடகை இறங்கியிருக்கும். ஒற்றை வருமானத்தில் பத்துப் பேர் தங்க வேண்டிய குடும்பத்துக்கு அந்த வாடகை வேறுபாடுதான் போவதா வேண்டாமா என்பதை முடிவுசெய்கிறது. ஜூலையில் எழுதிவைத்த நாட்கள் கையிருப்பில் இருப்பதால், அந்த வாரத்தில் எதையும் நாள்பதிவில் எழுதாமலே கழிக்க அவர்களால் முடிகிறது.